வெளிச்சம் முதலில் தோட்டத்து வீடுகளுக்குள் போகட்டும்

இருண்ட உலகில் கிறிஸ்துவின் ஒளியைப் பகிர நற்செய்திக் கூட்டங்களைப் பெருக்க வேண்டும் என்கிறது நான் வாசித்த ஒரு கட்டுரை. கூட்டங்கள் வேண்டும்தான். ஆனால் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வாழும் எனக்கு மத்தேயு 5:16 முதலில் நினைவுக்கு வருகிறது. மனிதர் நம் நற்செயல்களைக் கண்டு பிதாவை மகிமைப்படுத்த வேண்டும் என்று இயேசு அங்கே சொல்கிறார். இங்குள்ள இருள் சம்சு என்னும் மலிவு மதுபானம், குண்டர் கும்பல், தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தபோது வேலையும் லயத்து வீடும் (தொழிலாளர் வரிசை வீடு) இழந்த குடும்பங்களின் கசப்பு. எங்கள் சபை மண்டபத்தில் எஸ்.பி.எம். என்னும் ஐந்தாம் படிவத் தேர்வு எழுதும் மாணவர்களுக்கு மாலையில் கணிதம் சொல்லித் தருகிறோம்; பெரும்பாலோர் இந்துப் பிள்ளைகள். மதம் மாறச் சொல்லி ஒருவரையும் வற்புறுத்தியதில்லை, வற்புறுத்தவும் கூடாது! ஆண்டவரைப் பற்றி அவர்களே கேட்டால் மனம் திறந்து பேசுகிறோம். கட்டுரையாளர் அடுத்த முறை இத்தகைய பணிகளைப் பற்றியும் அவசியம் எழுத வேண்டும்.