சீனத்தின் 'மூன்று மதங்கள்' பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்

பண்டைய சீனா என்றதும் கன்பூசியம், தாவோயிசம், பௌத்தம் என்று மூன்று பெட்டி போட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெரியவர் படத்தையும் நாலு பொன்மொழியையும் ஒட்டிவிடுகிறோம். போட்டித் தேர்வு வழிகாட்டியில் இருந்து யூடியூப் வரை இதே கதைதான். பட்டியலில் பொய் ஒன்றும் இல்லை, அது பிற்காலத்துப் பட்டியல் என்பதுதான் சிக்கல். கன்பூசியஸ் காலத்து ஆளைப் பிடித்து "நீ எந்த மதம்?" என்று கேட்டால் கேள்வியே அவனுக்குப் புரிந்திருக்காது. இன்று சீன மொழியில் மதத்துக்குச் சொல்லும் 'சோங்ஜியாவ்' என்ற சொல்லுக்கு அந்தப் பொருளே 19-ஆம் நூற்றாண்டில் ஜப்பான் வழியாக வந்ததுதான்.

என் கட்சி இது: அங்கே எல்லோருக்கும் பொதுவாக இருந்தவை இரண்டு வேலைகள். செத்தவர்களுக்குப் படைப்பது ஒன்று, அவர்களிடமும் வானத்திடமும் குறி கேட்பது இன்னொன்று. பெரிய சிந்தனையாளர்கள் பலரும் இந்த இரண்டையும் நடுவில் போட்டுக்கொண்டுதான் மல்லுக்கட்டினார்கள். அதனால் கன்பூசியஸில் தொடங்காமல் எலும்பில் தொடங்க வேண்டும் என்பேன்.

ஆன்யாங். ஷாங் வம்சத்தின் கடைசித் தலைநகர். கி.மு. 1250 வாக்கில் இருந்து சுமார் இரண்டு நூற்றாண்டுகள் அரசர்கள் குறி கேட்ட எலும்புகளும் ஆமை ஓடுகளும் 1,50,000-க்கும் மேற்பட்ட துண்டுகளாகக் கிடைத்திருக்கின்றன. 1936-இல் ஒரே ஒரு குழியில் மட்டும் 17,000-க்கும் மேல்.

வேலை எப்படி நடந்தது என்று பாருங்கள். மாட்டின் தோள்பட்டை எலும்பு, அல்லது ஆமையின் வயிற்றுப்பக்க ஓடு. சதையைச் சுரண்டி, மேடு பள்ளம் இல்லாமல் இழைத்து, பளபளப்பாக்க வேண்டும். பின்பக்கம் வரிசையாகக் குழிகள்: நீளவாக்கில் படகு மாதிரி ஒரு பள்ளம், அதை ஒட்டினாற்போல ஒரு வட்டக் குழி. முன்பக்கம் வரை துளை விழுந்துவிடக் கூடாது, மெல்லிய தகடாக மிஞ்ச வேண்டும். அந்தக் குழியில் கனலை வைத்தால் முன்பக்கம் வெடிக்கும். நீளப் பள்ளத்துக்கு நேராக ஒரு நெட்டு விரிசல், வட்டக் குழி இருக்கும் பக்கமாக ஒரு கிளை. குறி கேட்பதற்கான சீன எழுத்து இன்றும் அப்படியே ஒரு கோடும் ஒரு கிளையும்தான். உச்சரிப்பு இப்போது 'பு', பழைய உச்சரிப்பில் கடைசியில் ஒரு 'க்' உண்டு. எலும்பு வெடிக்கும் சத்தம்!

இதில் கவனிக்க வேண்டியது, கிளை எந்தப் பக்கம் போகும் என்பதைக் குழி வெட்டியவன் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டான் என்பது. தெய்வத்துக்கு விட்டுவைத்த இடம் கொஞ்சம்தான்.

பிறகு பதிவு. அறுபது நாள் சுற்றில் என்ன நாள், குறி கேட்டவர் பெயர் என்ன, என்ன கேட்டார், அரசர் விரிசலைப் பார்த்து என்ன சொன்னார், கடைசியில் என்ன நடந்தது. இந்த ஐந்தும் எல்லா எலும்பிலும் இருக்காது, கடைசி இரண்டும் பெரும்பாலும் விடுபட்டிருக்கும். முழுசாகக் கிடைத்தவற்றில் புகழ்பெற்றது வூ டிங் அரசரின் மனைவி ஃபூ ஹாவின் பிரசவம். திங் நாளில் பிறந்தால் நல்லது, கெங் நாளில் பிறந்தால் ரொம்ப நல்லது என்றார் அரசர். 31 நாள் கழித்து வேறொரு நாளில் பிறந்தது. 'நல்லதாக இல்லை, பெண்' என்று செதுக்கிவைத்திருக்கிறார்கள். படை நடத்திப் போன ஒரு பெண்ணின் பிரசவத்தைப் பற்றி!

பல்வலி வந்தாலும் குறிதான். எந்த மருந்து என்று கேட்கவில்லை, எந்த மூதாதை செய்த வேலை என்றுதான் கேட்டார்கள். தந்தை ஜியாவா, தந்தை கெங்கா, தந்தை சின்னா, தந்தை யியா? வூ டிங்கைப் பெற்றவர் யி மட்டும்தான். மற்ற மூவரும் யியின் அண்ணன்மார்கள், அவர்களுக்கும் 'தந்தை' என்றே பெயர். பெரியப்பா, சித்தப்பா என்று அப்பாவை விரித்துக்கொண்டே போகும் நமக்கு இதில் விளக்கமே தேவையில்லை. இவர்கள் எல்லோருக்கும் மேலே 'தி' என்றொரு பெருந்தெய்வம் இருந்தது. மழையும் விளைச்சலும் அதன் கையில். ஆனால் அதற்கு நேரடியாகப் படையல் வைத்ததாகத் தெளிவான சான்று இல்லை. செத்த தாத்தாக்கள் வழியாகத்தான் மனு போக வேண்டும்.

கி.மு. 11-ஆம் நூற்றாண்டில் சௌ வம்சம் ஷாங்கை வீழ்த்தியது. ஒழுக்கம் கெட்டவனிடமிருந்து ஆட்சி உரிமையை வானம் பறித்து வேறொருவனிடம் கொடுக்கும் என்றது. வென்றவன் தனக்காகச் சொல்லிக்கொண்ட நியாயம்தான், ஆனாலும் அரசியலுக்குள் ஒழுக்கம் என்ற சொல்லை நுழைத்துவிட்டது.

எலும்பு மெல்லப் பின்வாங்க, குச்சி முன்னுக்கு வந்தது. 'யி சிங்' என்ற மாற்றங்களின் நூலைத் தூக்கிவைத்துக்கொண்டு தத்துவம் பேசுகிறவர்களில் பலர் குச்சியைக் கையில் எடுத்ததில்லை. ஐம்பது ஈர்க்குச்சி போதும், நீங்களே செய்து பார்க்கலாம். (கீழே சொல்லும் விரிவான முறை 12-ஆம் நூற்றாண்டில் சூ சி என்ற அறிஞர் பழைய குறிப்பிலிருந்து ஒழுங்குபடுத்தியது.)

ஐம்பதில் ஒன்றை ஒதுக்கிவையுங்கள். கடைசிவரை அதைத் தொடக் கூடாது. 49-ஐ மனம்போல இரண்டாகப் பிரியுங்கள். வலது குவியலில் ஒன்றை எடுத்து இடது கையின் சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே செருகுங்கள். இடது குவியலை நாலு நாலாகத் தள்ளி, மிஞ்சுவதை அடுத்த இடுக்கில் வையுங்கள். வலது குவியலுக்கும் அதே மாதிரி. கையில் இருப்பதைக் கூட்டினால் 5 அல்லது 9 வர வேண்டும். அதை ஒதுக்கிவிட்டு மிச்சக் குச்சிகளைச் சேர்த்து மறுபடியும் பிரியுங்கள். இரண்டாம், மூன்றாம் சுற்றுகளில் 4 அல்லது 8 வரும். மூன்று சுற்று முடிந்ததும் கீழே 36, 32, 28, 24 இவற்றில் ஒன்று கிடக்கும். நாலால் வகுத்தால் 9, 8, 7, 6. ஒற்றைப்படை யாங் (முழுக் கோடு), இரட்டைப்படை யின் (நடுவில் உடைந்த கோடு). 9-உம் 6-உம் எதிர்மறையாக மாறப்போகும் கோடுகள். இப்படி ஆறு கோடு, மொத்தம் 18 சுற்று. கோடுகளைக் கீழிருந்து மேலே அடுக்க வேண்டும்.

எங்கே தப்பு நடக்கும்? நாலு நாலாகத் தள்ளும்போது மிச்சமே இல்லாமல் முடிந்தால் பூஜ்யம் என்று விட்டுவிடுவார்கள். கூடாது, கடைசி நாலையே மிச்சமாக எடுக்க வேண்டும். இன்னொரு தப்பு, அந்த முதல் குச்சியை ஒதுக்க மறப்பது. 50-ஐ வைத்துத் தொடங்கினால் முதல் சுற்றில் எப்படிப் பிரித்தாலும் 6-தான் வரும். முடிவில் 36, 32, 28 மட்டுமே கிடைக்கும், 24 வரவே வராது. மாறும் யின் என்ற ஒன்றே உங்கள் உலகத்தில் இருக்காது! ஒதுக்கிவைத்த குச்சிக்கு உரைகாரர்கள் பெரிய தத்துவ விளக்கமெல்லாம் தருகிறார்கள், கணக்கோ இவ்வளவு எளிது.

சரியாகச் செய்தால் வாய்ப்புகள் இப்படி: 6 வருவது பதினாறில் ஒன்று, 9 மூன்று, 7 ஐந்து, 8 ஏழு. யாங் எளிதில் மாறும், யின் அசையாது. பிற்காலத்தில் வந்த மூன்று காசு முறையில் 6-க்கும் 9-க்கும் எட்டில் ஒன்று என்று சமமாகிவிடும். இரண்டும் ஒன்றுதான் என்று எழுதுகிறவர்கள் ஒரு தடவை கூட்டிப் பார்த்திருக்கலாம்.

இந்தப் பின்னணியில் கன்பூசியஸை (கி.மு. 551–479) வையுங்கள். புது சாமியைக் கொண்டுவந்தவர் அல்ல அவர். படையல் போடும்போது மூதாதை எதிரில் இருப்பதுபோலப் போடு என்றார். மனிதருக்கே இன்னும் ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை, ஆவிகளுக்கு எப்படிச் செய்வாய் என்று சீடனிடம் கேட்டார். பழைய சடங்கின் எடையைத் தெய்வத்திடமிருந்து செய்கிறவன் மனத்துக்கு நகர்த்தினார், அவ்வளவுதான். அது சின்ன வேலை இல்லை.

அதன் விலை பெற்றோருக்கான துக்கத்தில் தெரியும். பெயர் மூன்றாண்டுத் துக்கம், மூன்றாம் ஆண்டைத் தொட்டால் போதும் என்று 25 மாதம். ஓரம் தைக்காத முரட்டுத் துணி, குடிசையில் படுக்கை, தலைக்கு மண்ணாங்கட்டி, கஞ்சி. ஒரு வருடம் போதாதா என்று சீடர் ஒருவரே கேட்டிருக்கிறார். கன்பூசியஸுக்குப் பின்வந்த எதிர்த்தரப்புச் சிந்தனையாளர் மோட்சுவுக்கு இதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அதிகாரி அலுவலைப் பார்க்க முடியாது, உழவன் உழ முடியாது, புருஷன் பெண்டாட்டி சேர முடியாது, ஜனம் எப்படிப் பெருகும் என்றார். அவர் போட்ட அளவு: மூன்று 'சுன்' (சுமார் 7 செ.மீ.) பலகையில் சவப்பெட்டி, மூன்று துணி, குழி ஊற்றைத் தொடக் கூடாது, நாற்றம் மேலே வரக் கூடாது.

வேடிக்கை என்னவென்றால், நாம் மதம் என்று சொல்வதற்கு அந்தக் கூட்டத்தில் ரொம்ப நெருங்கியவர் இந்த மோட்சுதான். எல்லோர் மேலும் அன்பு வைத்து, நல்லவனுக்குக் கொடுத்து, கெட்டவனைத் தண்டிக்கும் வானம் அவருடையது. ஆவிகள் உண்டு என்று சாட்சிகளை அடுக்கி வாதாடினார். ஹான் காலத்தில் அவருடைய கூட்டமே மறைந்துபோனது, நம் மூன்று பெட்டிகளிலும் அவருக்கு இடமில்லை. கன்பூசியர்களிலோ சுன்சு, மழைக்கு வேண்டினால் மழை வருகிறதே என்றால், வேண்டாமலும் வருகிறதே என்று முடித்துவிட்டார். மதப்பெட்டிக்குள் போனது அவர் தரப்பு!

தாவோ பக்கம் லாவோட்சுவின் மௌனத்தைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள். கி.பி. 142-இல் சிச்சுவானில் சாங் தாவோலிங் தொடங்கியதாகச் சொல்லப்படும் தாவோ இயக்கத்தில் சேர ஐந்து படி அரிசி கட்ட வேண்டும். அந்தப் படி இன்றைய கணக்கில் சுமார் 2 லிட்டர், ஆக 10 லிட்டர். நோய் வந்தால் செய்த பாவத்தை மூன்று பிரதி எழுத வேண்டும். ஒன்று மலைமேல் வானத்துக்கு, ஒன்று மண்ணில் புதைக்க, ஒன்று தண்ணீரில் அமிழ்த்த. சாமியிடம் போனாலும் தாலுகா ஆபீஸ் நடைமுறைதான்.

பௌத்தம் கடைசியாக வந்தது. கி.பி. 65-ஆம் ஆண்டுப் பதிவில் ஓர் இளவரசர் தாவோ வழிபாட்டோடு சேர்த்துப் புத்தருக்கும் படைத்திருக்கிறார். (போதிதர்மர் எங்கே என்று கேட்கப்போகிறவர்களுக்கு: அவர் இன்னும் நான்கு நூற்றாண்டு தள்ளி.)

இந்தப் பெட்டிகளை உடைக்க எனக்குப் பிடித்த சாட்சி ஒரு குமாஸ்தா. பெயர் சி. சின் அரசின் சட்ட எழுத்தர், கி.மு. 217 வாக்கில் இறந்தவர். அதற்கு நான்கு ஆண்டு கழித்துத்தான் அதே அரசு, மருத்துவம், குறி, வேளாண்மை தவிர மற்ற நூல்களைக் கொளுத்தச் சொன்னது. மாற்றங்களின் நூல் பிழைத்ததே குறி நூல் என்பதால். இந்த சியின் கல்லறையை 1975-இல் ஹூபெய் மாநிலம் ஷுய்ஹூதியில் திறந்தார்கள். சவப்பெட்டிக்குள் உடலைச் சுற்றி 1,100-க்கும் மேற்பட்ட மூங்கில் ஏடுகள். பெரும்பகுதி கறாரான சட்டம். ஒரு மு நிலத்துக்கு எத்தனை படி விதை என்பது வரை அதில் இருக்கிறது. கூடவே அதிகாரிக்கான நன்னடத்தைச் சுவடி ஒன்று: மகன் என்றால் பெற்றோரைப் பேணு, தகப்பன் என்றால் அன்பாயிரு. கன்பூசியஸ் வீட்டுப் பேச்சு. அதற்குப் பக்கத்திலேயே நல்ல நாள் பார்க்கும் ஏடுகள் இரண்டு தொகுதி. அதில் பேய் விரட்டும் பகுதியில் ஒரு குறிப்பு: காரணமில்லாமல் பேய் விடாமல் தாக்கினால் பீச் மரத்தில் வில் செய், முள்மரத்தில் அம்பு செய், கோழி இறகைக் கட்டு, கண்ணில் பட்டதும் எய், நின்றுவிடும்.