சுழி சரியில்லைங்க மாப்ள

(டெக்ஸாஸில் ஒரு சமையலறை. மாமனார் கோயம்புத்தூரில் மோட்டார் காயில் கட்டி ஓய்வு பெற்றவர். மேடைமேல் ஒரு கண்ணாடிக் குடுவை தடதடவென்று ஆடுகிறது.)

மாமா: மாப்ள, சுழி சரியில்லைங்க.

மருமகன்: மாடா புடிக்கறோம் மாமா?

மாமா: குடுவைக்குள்ள பாருங்க, ஒரு ஓரமா இழுக்குது. அடியில என்ன?

மருமகன்: 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேனுங்க. அதுமேல பழைய ஹார்ட் டிஸ்க்ல கழட்டுன ரெண்டு காந்தம். அது சுத்துனா உள்ள கிடக்கற காந்தக் குச்சியும் கூடவே சுத்தும்.

மாமா: ஒரு காந்தம் நடுவுல இருந்து தள்ளி உக்காந்திருக்கு. பேலன்ஸ் போன ரோட்டர் ஆடாம என்ன பண்ணும்? ஸ்பீடு எவ்வளவு?

மருமகன்: ஃபுல்லுங்க.

மாமா: ஏனுங்க, தேங்கா சட்னியா?

மருமகன்: (திருகைக் குறைத்து) வேகம் கூடுனா குச்சி பிடிய விட்டு எகிறிரும். மேல சின்னக் குழி விழுந்தாலே போதும்.

மாமா: தெரிஞ்சேதான் ஃபுல்லா வெச்சீங்களா! உள்ள என்ன?

மருமகன்: ஈஸ்ட்டுங்க. 1 லிட்டர் தண்ணிக்கு 100 கிராம் மால்ட் பவுடர், கால் டீஸ்பூன் ஈஸ்ட் சத்துப்பொடி. 10 நிமிஷம் கொதிக்க விட்டு, ஐஸ் தண்ணில நிறுத்தி 20 டிகிரிக்கு ஆறுனப்புறம் ஈஸ்ட்ட விட்டேன். சூட்டோட விட்டா செத்துரும்.

மாமா: அடுப்பெல்லாம் பிசுபிசுங்குதே?

மருமகன்: 2 லிட்டர் குடுவைதான். அப்படியும் பொங்கிருச்சு. வாய் குறுகலுங்க.

மாமா: பொங்கலோ பொங்கல். மூடியாச்சும் இறுக்கமா போடக்கூடாதா?

மருமகன்: ஐயோ, வேண்டாங்க. ஈஸ்ட் பெருக ஆக்சிஜன் வேணும். தூசி விழாம அலுமினியத் தாள லூசா போத்துனாப் போதும்.

மாமா: பெருகி?

மருமகன்: (குரலைத் தாழ்த்தி) பீருங்க.

(கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும்.)

மாமா: போலீஸு?

மருமகன்: இங்க 1978லயே அதிபர் கார்ட்டர் சட்டத்துல கையெழுத்துப் போட்டுட்டாரு. ரெண்டு பெரியவங்க இருக்கற வீட்டுல வருஷத்துக்கு 200 கேலன் காய்ச்சலாம். விக்கத்தான் கூடாது.

மாமா: 757 லிட்டரா! கோடையில நம்ம போர்ல அவ்வளவு தண்ணி வராதே. அப்ப இந்த 1 லிட்டர் யாருக்குங்க பத்தும்?

மருமகன்: இது குடிக்கறதுக்கில்லீங்க, உறை மோர் மாதிரி. 20 லிட்டர் ஏல் பீருக்கு 18,000 கோடி ஈஸ்ட் செல்லுக்கு மேல வேணும்.

மாமா: டெண்டர் தொகையாட்டம் சொல்றீங்க!

மருமகன்: புது பாக்கெட்டுல 10,000 கோடிதான். இது வேற ரெண்டு மாசப் பழசு. அதான் பெருக்கறேன்.

(மூன்றாம் நாள். ஒரு பகலும் இரவும் சுற்றிய குடுவை, அப்புறம் ஓர் இரவு ஃபிரிட்ஜில் இருந்தது.)

மாமா: நேத்து வரைக்கும் நுரையே காணமே. வேலை செஞ்சுதா?

மருமகன்: சுத்திட்டே இருந்தா நுரை நிக்காதுங்க. கட்டஞ்சாயா நிறத்துல இருந்தது பால் டீ மாதிரி கலங்குச்சு பாருங்க, அதான் அடையாளம். இப்ப ஈஸ்ட் அடியில படிஞ்சிருச்சு. மேல தெளிஞ்சதைக் கொட்டிட்டு, கொஞ்சூண்டு விட்டுக் கலக்கி பக்கெட்ல ஊத்தணும். குச்சி உள்ள போகாம வெளியில காந்தத்தை அண்டக் குடுத்துப் புடிங்க மாமா.

மாமா: காந்தம்?

மருமகன்: ஃபிரிட்ஜ் கதவுல இருக்கு பாருங்க, நயாகரா படம் போட்டது.

(ஊற்றுகிறார். 'ப்ளக்!')

மாமா: ஏனுங்க, காகிதத்தையே புடிக்கத் தெம்பில்லாததை இந்தக் கண்ணாடி மொத்தத்துக்குக் குடுத்தா? ஹார்ட் டிஸ்க் காந்தத்துல ஒண்ணை மிச்சம் வெச்சிருக்க வேண்டாமா! பாதாளக் கரண்டி இருக்குதா?

மருமகன்: கிடக்கட்டுங்க. டெஃப்லான் பூசுனது, மால்ட்டோடயே கொதிச்சதுதான். பீருக்கு ஒண்ணும் ஆகாது. பாட்டில்ல அடைக்கறப்ப எடுத்துக்கலாம்.

மாமா: அது எப்பங்க?

மருமகன்: ரெண்டு வாரம். அப்புறம் பாட்டில்ல கேஸ் ஏற இன்னொரு ரெண்டு வாரம்.

மாமா: (விரல் விட்டு எண்ணி) எங்க டிக்கெட்டு வர்ற பதினேழாந்தேதிங்க.

மருமகன்: ஆமாங்க மாமா.

மாமா: தேதிய மாத்துனா எவ்வளவு புடிப்பானுங்க மாப்ள?