ஒண்ணுமில்ல, விடுங்க

வயசானவங்களுக்குக் காது மந்தமாகிப்போன வீடுகளில் தினமும் நடக்கிற சண்டைதான் இது. "கேக்கலை, என்ன சொன்ன?" என்பார் அம்மா. குரலைக் கூட்டிச் சொன்னால், "இப்ப எதுக்குக் கத்துற?" என்பார். நமக்குச் சுர்ரென்று ஏறும். போதாததற்கு, "ராத்திரி மருமக ரூம்ல பேசினது மட்டும் எப்படிக் கேட்டுச்சாம்?" என்று ஒரு பஞ்சாயத்து வேறு.

பாவம், வேணும்னே செய்வதில்லை. வயசால் வரும் மந்தத்தில் கீச்சுக்குரல் மாதிரியான உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும். அவற்றைப் பிடிக்கிற உட்காதின் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப வளராது. பேச்சில் ச, த, ப, க எல்லாம் மெலிந்த ஒலிகள். ஆ, ஓ எல்லாம் கனத்தவை. அதனால் சத்தம் காதில் விழும், சொல் பிடிபடாது. எங்கள் வீட்டில் "பால் வந்துச்சா?" என்று கேட்டால், "ஆள் யாரும் வரலையே" என்று பதில் வரும். கத்தினால் அந்த 'ஆ'தான் பெரிசாகும். 'ப' அப்போதும் போய்ச் சேராது. அதோடு, மந்தமான காதுக்கு மெல்லிய ஒலி எட்டாது, கொஞ்சம் கூடிப்போனால் காதை அறையும். "கேக்கலை" என்றதும் நிஜம், "கத்தாதே" என்றதும் நிஜம்.

அந்த மருமகள் விவகாரமும் அப்படித்தான். அமைதியான ராத்திரி, பழகிய குரல், தன் பேர் வேறு அடிபடுகிறது. பாதி கேட்டால் போதும், மீதியை மூளை நிரப்பிக்கொள்ளும். மிக்ஸி ஓடும்போது, சீரியல் அலறும்போது அதே காதால் ஒன்றும் முடியாது.

உலகத்தில் 150 கோடிப் பேருக்கு மேல் ஏதோ ஓர் அளவில் செவித்திறன் குறைவு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது. தெருவில் வீட்டுக்கு வீடு நடக்கிற கதைதான்.

பொறுமை எனக்கு இயல்பிலேயே கிடையாது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். போனில் கஸ்டமர் "சார், வாய்ஸ் கட்டாகுது" என்றால் அதையே மூன்று தடவை, குரல் மாறாமல், சிரித்துக்கொண்டே சொல்கிறோமே. பொறுமை என்கிற சரக்கு கையில் இருக்கிறது. வீட்டில் கோபப்பட்டால் யாரும் வேலையை விட்டுத் தூக்கப்போவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கத்துவதைக்கூட விட்டுவிடலாம். என்னால் தாங்க முடியாதது "ஒண்ணுமில்ல, விடுங்க" என்கிற பதில்தான். எல்லாரும் சிரிக்கிறார்கள், என்ன என்று அப்பா கேட்கிறார், "ஒண்ணுமில்லப்பா". இதை நாலு தடவை கேட்ட மனுஷன் ஐந்தாவது தடவை கேட்பதையே நிறுத்திவிடுவார். அப்புறம் "அப்பா இப்பல்லாம் யார்கூடயும் பேசறதே இல்லை" என்று நாமே கவலைப்படுவோம்!

செய்யவேண்டியது பெரிய தவம் எல்லாம் இல்லை. அடுப்படியிலிருந்து குரல் கொடுக்காமல் எழுந்து போய், முகம் தெரிகிற மாதிரி நின்று, நிதானமாகப் பேசினால் பாதிச் சண்டை தீர்ந்தது. புரியாவிட்டால் அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் மாற்றிச் சொல்லுங்கள்: "பால் பாக்கெட் போட்டாச்சா?" காதில் வெறும் அழுக்கு அடைத்துக்கொண்டிருக்கலாம், முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சொன்னால், எவ்வளவு கேட்கிறது என்று அளக்கிற ஆடியோகிராம் எடுங்கள். காது மிஷின் வாங்கினால் அதோடு வேலை முடியவில்லை. ஆரம்பத்தில் தட்டு வைக்கிற சத்தம்கூட இடி மாதிரி இருக்கும், மூளை பழக வாரக்கணக்கில் ஆகும். அந்த நேரத்தில், "இவ்வளவு காசு போட்டு வாங்கினேன், மாட்ட மாட்டேங்கறாங்க" என்று நாம் புலம்பினால் மிஷின் பீரோவுக்குள் போய்விடும். பல வீடுகளில் அது அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று. விசேஷத்துக்கு வருகிற சொந்தக்காரர்கள் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நம்மிடம், "அம்மாவுக்குச் சுகர் இப்ப எப்படி இருக்கு?" என்பார்கள். நாமும் டக்கென்று பதில் சொல்லிவிடுகிறோம். சொல்லாதீர்கள். "அம்மாகிட்டயே கேளுங்க, எதிர்ல உக்காந்து கேட்டா நல்லாவே பேசுவாங்க" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போடுங்கள்.