'டென்னசி விஸ்கி' ஸ்டேபிள்டன் எழுதிய பாடல் அல்ல

அமெரிக்கப் பாடகர் கிறிஸ் ஸ்டேபிள்டனின் முதல் தனி ஆல்பமான 'டிராவலர்' (2015) பற்றி ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அந்த ஆல்பத்தில் உள்ள 'டென்னசி விஸ்கி' பாடலை அவரே எழுதினார் என்கிறது. அது தவறு.

எழுதியவர்கள் டீன் டில்லனும் லிண்டா ஹார்க்ரோவும். 1981-ல் டேவிட் ஆலன் கோ பாடி வெளியிட்டார். 1983-ல் ஜார்ஜ் ஜோன்ஸ் குரலில் அமெரிக்காவில் பெரிய வெற்றி பெற்றது. ஸ்டேபிள்டன் அதை மெதுவான, ப்ளூஸ் இசை கலந்த பாணியில் புதிதாகப் பாடினார். அந்தப் பெருமை முழுக்க அவருடையது. ஆல்பத்தின் பெரும்பாலான பாடல்களை எழுதியதில் அவருக்குப் பங்கு உண்டு என்பதால்தான் இந்தக் குழப்பம் போல.

ஸ்பாட்டிஃபையில் அந்தப் பாடலின் விவரப் பகுதியைத் திறந்தாலே எழுதியவர்கள் பெயர் இருக்கும். பாடலாசிரியரின் பெயரை மறைப்பது அவர் உழைப்பையே மறைப்பது. அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.