கரையும் கட்டி வேறு, கரையாத வீக்கம் வேறு

ரத்தக்குழாய்களின் பிறவிக் கோளாறுக்கு ஊசி மருந்தைச் சிறு வயதிலேயே போட்டால் பலன் கூடுமா என்று சோதிக்கும் ஆய்வைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். சோதிப்பது நல்லதுதான். ஆனால் கட்டுரையில் ஒரு வேறுபாடு விட்டுப்போயிருக்கிறது. பிறந்த சில வாரங்களில் தோன்றி, வேகமாக வளர்ந்து, பிறகு தானே வற்றும் சிவப்புக் கட்டி ஹெமாஞ்சியோமா. 2008-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் அதற்கு ரத்த அழுத்த மருந்தான புரோப்ரனலால் பலன் தருவதைக் கண்டறிந்தார்கள். கட்டுரை சொல்லும் சிரைக் கோளாறோ பிள்ளையோடு சேர்ந்தே வளரும், வற்றாது.

எங்கள் மேலூர்ப் பக்கத்தில் இரண்டுக்கும் 'மச்சம்' என்றே பெயர். என் அக்கா மகனுக்குக் கீழுதட்டில் நீல வீக்கம். குனிந்து செருப்பு மாட்டினால் புடைக்கும், நிமிர்ந்தால் அடங்கும். அழுத்தினால் உள்ளே மிளகு போல உருளும். தேங்கிய ரத்தம் உறைந்து கல்லானது அது. "பெரியவனானால் சரியாகிவிடும்" என்று ஊரே சொன்னது!

வீக்கம் சிறிதாக இருக்கும்போதே போட்டால் மருந்தும் குறைவாகச் செல்லும் என்பது என் எண்ணம். இருந்தாலும் அந்த ஊசி மருந்தான பிளியோமைசின் ஒரு புற்றுநோய் மருந்து. மொத்த அளவு கூடினால் நுரையீரலைக் கெடுக்கும். மறுபடி வீங்கினால் மறுபடி ஊசி. ஆகவே ஆய்வு நடத்துபவர்கள் ஆறு மாதத்தோடு கைகழுவாமல், பிள்ளைகள் வளரும்வரை கண்காணிக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு முறையும் மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் வந்து இறங்கும் பெற்றோருக்குப் பஸ் செலவையாவது யார் தருவார்கள்?