சங்க உறுப்புரிமை வேறு, தகுதிச் சான்று வேறு
நுவரெலியாவில் தகரக் கூரைக்கு ஸ்ப்ரே ஃபோம் (தெளித்ததும் நுரைத்து இறுகி, வெப்பத்தையும் குளிரையும் தடுக்கும் பூச்சு) அடிக்க ஆள் தேடும் அக்காவிடம், “அமெரிக்கச் சங்கத்தில் உறுப்பினரான கம்பனி என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொடுங்கள்” என்கிறீர்கள். அது சரியில்லை அண்ணா. அங்குள்ள ஸ்ப்ரே பாலியூரிதேன் ஃபோம் அலையன்ஸ் என்ற அந்தச் சங்கத்தில் கம்பனிகள் சந்தா கட்டிச் சேரலாம். ஃபோம் அடிப்பவரின் தகுதிச் சான்று தனி. அதற்குப் பரீட்சை உண்டு. சேர்வது நல்லதுதான், மறுக்கவில்லை.

அக்கா, வேலைக்கு வருபவரின் சான்றையே கேளுங்கள். நம் ஊர்ப் பனிக்குத் தகரத்தின் அடியில் காலையில் நீர் முத்துமுத்தாக நிற்கும். அந்த ஈரத்தின் மேல் அடித்தால் ஃபோம் சரியாக ஒட்டாது, உரிந்து வரும். துடைத்து, காய்ந்த பிறகுதான் தொடங்குவாரா என்றும் விசாரியுங்கள். அப்புறம், அடிக்கும்போது கிளம்பும் ஐசோசயனேட் என்ற இரசாயனம் மூச்சுக்கு ஆகாது. அன்றைக்குப் பிள்ளைகளை வேறு வீட்டில் விடுங்கள்.