டாம் பிரேடி சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்தவரா?

"டாம் பிரேடியை எந்த அணியும் எடுக்கவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தவர், ஏழு சூப்பர் பவுல் ஜெயித்து 2022-இல் ஓய்வு பெற்றார்" என்று ஒரு தன்னம்பிக்கைச் செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பிரேடி அமெரிக்கக் கால்பந்தில் குவாட்டர்பேக், அதாவது பந்தை வீசி அணியின் ஆட்டத்தை நடத்துபவர்; சூப்பர் பவுல் என்பது அதன் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் இறுதிப்போட்டி. செய்தியில் ஏழு பட்டம் மட்டும்தான் சரி.

அமெரிக்கக் கால்பந்தில் கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். 2000 டிராஃப்டின் ஆறாவது சுற்றில், 199-ஆவது ஆளாக, நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் பிரேடியை எடுத்தது. அவருக்கு முன்பே ஆறு குவாட்டர்பேக்குகளை அணிகள் எடுத்துவிட்டன. 2001 செப்டம்பரில் முதன்மை குவாட்டர்பேக் ட்ரூ பிளெட்சோ அடிபட்டு வெளியேற, பிரேடி உள்ளே வந்தார். அந்த சீசனிலேயே முதல் பட்டம்.

சூப்பர் மார்க்கெட் கதை இன்னொரு குவாட்டர்பேக்கான கர்ட் வார்னருடையது. 1994 டிராஃப்டில் யாரும் எடுக்காத அவர், அயோவாவில் இரவு நேரத்தில் கடை அலமாரி நிரப்பினார். அப்புறம் 1999 சீசனில் செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்குப் பட்டம் வாங்கித் தந்தார். நிஜத்திலேயே இவ்வளவு இருக்க, கதையை ஏன் கலக்க வேண்டுமோ!

ஓய்வும் அப்படித்தான். 2022 பிப்ரவரியில் அறிவித்து, மார்ச்சில் திரும்பி வந்து, தாம்பா பே அணிக்காக இன்னொரு சீசன் ஆடி, 2023 பிப்ரவரி 1 அன்று, 45 வயதில் முடித்துக்கொண்டார்.

"நல்ல குவாட்டர்பேக் கடைசிச் சுற்றில்தான் கிடைப்பார்" என்ற பின்குறிப்பும் தவறு. பெய்டன் மானிங் 1998-இல் முதல் தேர்வு. பேட்ரிக் மஹோம்ஸுக்காக 2017-இல் கன்சாஸ் சிட்டி அணி மற்ற தேர்வுரிமைகளைக் கொடுத்து, டிராஃப்ட் வரிசையில் 27-இலிருந்து 10-ஆம் இடத்துக்கு ஏறியது.

என்எஃப்எல் இணையதளத்தின் டிராஃப்ட் பட்டியலில் இவற்றைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மேற்கொண்டு அனுப்பாதீர்கள்.